பதினெட்டாவது நிமிடத்தில் எழுந்து போகிறவர்

நானூற்றுப் பன்னிரண்டு. போடிநாயக்கனூர் மகாராஜன் கடந்த ஆறு ஆண்டுகளில் கண்டுபிடித்த படங்கள் இத்தனை. செல்போனில் பட்டியல் வைத்திருக்கிறார். கேட்டால் காட்டுவார், கேட்காவிட்டாலும் காட்டுவார். படத்தின் பெயர், நாடு, இயக்குநர், கண்டுபிடித்த தேதி எல்லாம் அதில் உண்டு. எத்தனை நிமிடம் பார்த்தார் என்பது மட்டும் இல்லை.

வாசகரே, நீங்களும் நானும் படம் பார்ப்பவர்கள். டிக்கெட் எடுப்போம், உட்காருவோம், பிடித்தால் சிரிப்போம், பிடிக்காவிட்டால் தூங்குவோம், விளக்கு எரிந்ததும் வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று தேடுவோம். கண்டுபிடிப்பாளர் வேறு இனம். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒருவன் வேலையை விட்டு, நண்பர்களைப் பட்டினி போட்டு, மழைக்கும் வெயிலுக்கும் காத்துக் கிடந்து, ஐந்து வருடத்தில் முடித்த படத்தை, இவர் ஒரு டிசம்பர் காலையில் பாதி காலியான அரங்கில் கண்டெடுத்து, தானே பெற்ற பிள்ளை மாதிரி ஊருக்குத் தூக்கிக்கொண்டு வருவார். ‘நீங்க பாத்திருக்க மாட்டீங்க’ என்றுதான் பேச்சு ஆரம்பமாகும். நாம் பார்த்திருக்க மாட்டோம். அதுதானே அவருடைய சந்தோஷம்?

தப்பித்தவறி நாம் பார்த்திருந்தால்? ‘ஆரம்பத்துல நல்லாத்தான் இருந்துச்சு, இப்ப எல்லாரும் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க’ என்பார். வெயிலில் வைத்த பால் திரிந்துபோவதைப் போல, நாலு பேர் கண் பட்டதும் படம் கெட்டுப்போய்விடும் அவருக்கு.

மகாராஜனைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் அவர் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். ஏலக்காய்க் கடையில் சாம்பிள் பார்க்கிறவர் அவர். மலையிலிருந்து மூட்டை இறங்கினால், உள்ளே கைவிட்டு ஒரு பிடி அள்ளுவார். உள்ளங்கையில் பரப்புவார். நிறம் பார்ப்பார், பருமன் பார்ப்பார், ஒரு காயை உடைத்து நாக்கில் வைப்பார். அவ்வளவுதான். மூட்டை எந்த எஸ்டேட், எந்தச் சரிவு, எந்த மழைக்குப் பிறகு எடுத்தது, ஸ்டோரில் உலர்த்தியவன் அன்றைக்குத் தூங்கிவிட்டானா என்பதுவரை சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் தப்பாகச் சொன்னது மூன்று தடவை என்கிறார்கள். அந்த மூன்றையும் அவர் ஒப்புக்கொண்டதில்லை.

இப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் திரைப்பட விழாவுக்குப் போனால் என்ன ஆகும்? வருடாவருடம் திருவனந்தபுரத்துக்குப் போகிறார். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் விழாக்காரர்கள் கொடுத்த துணிப்பை, கையில் பச்சைக் கோடு போட்ட அட்டவணை. ஒரு நாளைக்கு ஐந்து அரங்கு, ஒவ்வொன்றிலும் மூன்று காட்சி. முழுசாகப் பார்த்தால் மூன்று படத்தோடு பொழுது போய்விடும். சாம்பிள் பார்த்தால் பதினான்கு தேறும். ஓரத்து நாற்காலியில்தான் உட்காருவார், எழுந்து போக வசதியாக. பதினெட்டாவது நிமிடம் வந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் குனிந்து, ‘புடிபட்டுருச்சு’ என்று சொல்லிவிட்டு அடுத்த அரங்குக்கு ஓடுவார். ஏன் பதினெட்டு? ‘அதுக்குள்ள தெரியாதது அதுக்கப்புறம் தெரியாது’ என்பது அவர் சித்தாந்தம்.

திரும்பி வரும்போது நாலு நாள் மலையாளமும் சேர்ந்து வரும். போடி பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரரிடம் ‘பிரமாதம்’ என்பதற்கு ‘அடிபொளி’ என்பார். இருபது வருடமாக இடுக்கி எஸ்டேட்டுகளில் மலையாளத்தில் திட்டு வாங்கி மலையாளத்திலேயே திருப்பிக் கொடுத்துவரும் பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டு டீயை ஊதுவார்கள்.

வீட்டில் மட்டும் ஒரு சிக்கல். மனைவி கற்பகம் எதையும் முடிவுவரை பார்க்கிற பழக்கமுள்ளவர். இவர் சாப்பிட்டுக்கொண்டே ஒரு மங்கோலியப் படத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார், அவர் குழம்புச் சட்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

“சரி, அந்தக் கெழவனுக்குக் குதிரை கெடச்சுச்சா இல்லையா?”

“முடிவு முக்கியமில்ல கற்பகம். பயணந்தான் முக்கியம்.”

“குதிரை இல்லாம எப்பிடிங்க பயணம் போவான்?”

நானூற்றுப் பன்னிரண்டு படங்களுக்கும் கற்பகம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். நானூற்றுப் பன்னிரண்டுக்கும் ஒரே பதில்தான்.

இனி ஏலமலைத் திரை வட்டம். தலைவர், செயலாளர், புரொஜெக்டர் உரிமையாளர் மூவரும் மகாராஜனே. மாதம் ஒரு திரையிடல், வழக்கமாக ஆறு பேர் வருவார்கள். ஏழாவது ஆள் வந்தால் எழுந்து கதவைச் சாத்தப் போவார். ‘கூட்டம் கூடினா படம் பேசாது’ என்பார். படம் பேசுவதற்கு முன்னால் இவர் முக்கால் மணி நேரம் பேசுவார், படம் ஓட ஆரம்பித்ததும் டீ குடிக்கப் போய்விடுவார் என்பது தனி.

போன டிசம்பர் விழாவில் அட்டவணையைப் புரட்டும்போது ஒரு பெயருக்கு அடியில் ‘போடிநாயக்கனூர்’ என்று இருந்தது. இயக்குநர் அமுதவள்ளி. பக்கத்து ராசிங்காபுரத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண், சென்னையில் படித்து அங்கேயே படத்தொகுப்பு வேலை செய்கிறவர். படத்தின் பெயர் ‘முன் சீட்டு’. எண்பத்து நான்கு நிமிடம். தினமும் போடியிலிருந்து மலைக்கு ஜீப்பில் அடைந்து போய் ஏலக்காய் எடுத்துத் திரும்பும் ஒரு பெண் பற்றியது. நடித்தவர்கள் எல்லோரும் அதே வேலைக்குப் போகிற பெண்கள்தான். நாயகி வேலுத்தாய், ஜீப் கன்னையன் ஓட்டுகிற ஜீப், ஓட்டியதும் கன்னையனே.

மகாராஜன் போனார், ஓரத்தில் உட்கார்ந்தார். பதினெட்டாவது நிமிடத்தில் திரையில் ஜீப் மூடுபனிக்குள் ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பியது. பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்த பெண்களில் ஒருத்தி, ‘பிரேக்கு புடிக்குதா கன்னையா?’ என்றாள். போதாதா? மலை, ஜீப், ஏழைப் பெண், மூடுபனி, பிரேக். ஒரு பிடி காயில் மூட்டை தெரிந்துவிட்டது. இவர் எழுந்து பக்கத்து அரங்கில் மங்கோலியக் குதிரையைத் தேடிப் போய்விட்டார்.

அன்று மாலையே, விழாக் கையேட்டில் ‘கடைசி எட்டு நிமிடம் ஒரே ஷாட்’ என்று பார்த்ததை வைத்து, ‘முன் சீட்டின் கடைசி எட்டு நிமிடங்கள்’ என்று ஒரு பதிவு எழுதினார். ஜீப் உருண்டபின் நிலவும் அந்த மௌனத்தைத் தமிழ் சினிமா இதுவரை கண்டதில்லை என்று அதில் இருந்தது. இதைத் தேனியில் ஒரு கூட்டத்தில் பேசினார், கம்பத்தில் ஒரு தடவை பேசினார். பாராட்டை மட்டும் தனியாக இரண்டு வரி எழுதி அமுதவள்ளிக்கு அனுப்பினார்: ‘தங்கச்சி, இந்தப் படத்த முழுசா உள்வாங்குன ஒரே ஆளு நான்தான்.’ பதிவைப் பார்க்காத அந்தப் பெண் அதை நம்பி, ‘எங்க ஊர்ல ஒருத்தர் படத்தைப் புரிஞ்சுக்கிட்டார்’ என்று சென்னையில் எல்லோரிடமும் காட்டியிருக்கிறாள்.

அமுதவள்ளியின் கவலை வேறாக இருந்தது. படம் நாலு விழாவுக்குப் போய் வந்துவிட்டது. படத்தில் இருந்தவர்களில் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. படப்பிடிப்பின்போது வேலுத்தாயிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள்: ‘நம்ம ஊர்லதான் அக்கா மொதல்ல போடுவேன்.’ மொதல்ல என்பது ஏற்கெனவே போய்விட்டது. ஜீப்புக்காகக் காத்திருக்கும்போது மற்ற பெண்கள், ‘என்னாடி, நடிச்ச படம் பொட்டிக்குள்ளேயே கெடக்கா?’ என்று வேலுத்தாயைக் கிண்டல் செய்ய ஆரம்பித்திருந்தார்கள். ஆகவே இந்த வைகாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எப்படியாவது. மகாராஜனிடம் புரொஜெக்டர் இருந்தது. ஒரு திருமண மண்டபத்தின் மாடி மூன்று மணியிலிருந்து ஐந்தரை மணிவரை கிடைத்தது. ஐந்தரைக்கு அங்கே ஒரு நிச்சயதார்த்தம். அதை விட்டால் ஆடி மாதம் பிறந்தால்தான் மண்டபம் காலி; ஆடியில் மலையில் காய் எடுப்பு மும்முரமாகிவிடும், ஞாயிறாவது ஒன்றாவது.

மண்டபத்து மேனேஜர் ராக்கையா சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: “மகாராசா, அஞ்சரைக்குப் பொண்ணு வீட்டுக்காரக வந்துருவாக. வெரசா முடிச்சுப்புடணும். மாப்ள வீட்டுக்காரன் வேற போலீசு.”

மகாராஜன் இருபது நாற்காலி போட்டிருந்தார். மூன்று மணிக்குக் கன்னையனின் ஜீப் மூன்று நடை அடித்து நாற்பத்து மூன்று பெண்களை இறக்கியது. தலைக்குக் குளித்து, பூ வைத்து, திருவிழாவுக்கு வருகிற மாதிரி வந்திருந்தார்கள். வேலுத்தாய் மஞ்சள் சேலை. மகாராஜன் மாடிப்படியில் நின்று எண்ணினார். முகம் சுருங்கியது.

“தங்கச்சி, இம்புட்டுப் பேரா? இது அந்த மாதிரிப் படம் இல்லையே.”

“அவங்கதான் அண்ணே படமே” என்றாள் அமுதவள்ளி.

நாற்காலி பற்றவில்லை. ஜமுக்காளத்தை உருட்டி விரித்து, கதவுவரைக்கும் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஜீப்பில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அது விசாலமாகத்தான் இருந்திருக்கும். மூன்று பத்துக்கு மகாராஜன் மைக்கைப் பிடித்தார்.

இந்த இனத்தின் அறிமுக உரையைக் கேட்டிருக்கிறீர்களா? முதல் பத்து நிமிடம் தாம் அந்தப் படத்தைக் கண்டடைந்த கதை: என்ன வரிசை, எத்தனை மணி நேரம் நின்றார், பக்கத்தில் யார். அடுத்த பத்து நிமிடம் மற்றவர்களுக்குப் புரியாது என்பதற்கான காரணங்கள். இவர் அகராதியில் மெதுவாகப் போனால் ‘நிதானம்’, படம் தெரியாவிட்டால் ‘இருள்’, தூக்கம் வந்தால் ‘துணிச்சல்’. மூன்றரை ஆயிற்று. “இந்தச் சட்டகத்துக்குள்ள ஒரு வெறுமை இருக்கு” என்றார். ஜமுக்காளத்தில் ஒருவர் பக்கத்துப் பெண்ணிடம் காராச்சேவுப் பொட்டலத்தை நீட்டினார். மூன்றே முக்கால். அமுதவள்ளி கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எண்பத்து நான்கு நிமிடம். நாலு ஆறுக்குள் தொடங்காவிட்டால் முடிவு கிடையாது. முடிவைத்தான் அவள் இரண்டு வருடம் செதுக்கியிருந்தாள். அதைப் பார்க்காமல் இந்தப் பெண்கள் திரும்ப ஜீப் ஏறினால், பெட்டிக்குள் கிடக்கும் படம் என்ற பேர் வேலுத்தாய்க்குக் கடைசிவரை நிற்கும்.

“அண்ணே, போட்டுருவோமா?”

“ஒரு நிமிஷம் தங்கச்சி, கடைசிக் காட்சிக்கு இவங்களத் தயார்பண்ணணும்” என்று சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தினார் மகாராஜன். “அந்த ஏழாவது வளைவு. பிரேக் புடிக்கல. ஜீப்பு சரியுது. அந்தத் தாய்…” என்று வேலுத்தாய் இருந்த பக்கம் கையை நீட்டி, “அந்தத் தாய் மலையோட மடியில உயிரை விடுற அந்த எட்டு நிமிஷம்…” என்று நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மண்டபத்தில் காராச்சேவு நொறுங்கும் சத்தம்கூட நின்றுபோயிற்று.

வேலுத்தாய் எழுந்தார். “இந்தா அண்ணே, நில்லுங்க. எங்க சாகுறேன் நானு?”

“கடைசியிலம்மா. ஏழாவது வளைவுல.”

“ஏழாவது வளைவுல வண்டிய ஓரங்கட்டி டீ குடிச்சோம். அமுதவள்ளிதான் பிளாஸ்குல கொண்டாந்துச்சு.”

பின்னாலிருந்து கன்னையன் எழுந்தார். அவருக்குக் கோபம் வேறு காரணத்துக்கு. “என் ஜீப்பையாண்ணே உருட்டிவிட்டீக? போன மாசந்தான் எஃப்.சி. எடுத்தேன். புது பிரேக்கு. ஊரெல்லாம் இப்பிடிப் பேசித் திரிஞ்சா நாளைக்கு எவ ஏறுவா என் வண்டியில?”

“இல்ல கன்னையா, இது ஒரு குறியீட்டு மரணம்…”

“என்ன சாவோ. நாளைக் காலைல ஆறு மணிக்கு நான் ஜீப்பு ஏறணும்” என்றார் வேலுத்தாய். “செத்தவளுக்கு எடம் விடுவாளுகளா இவளுக? அண்ணே, நான் செத்தேனா இருக்கேனான்னு நானே பாத்துக்கிறேன். படத்தப் போடுங்க.”

நாற்பத்து மூன்று பெண்களும் சிரித்த சிரிப்பில் மைக் தானாகக் கீழே இறங்கியது. அமுதவள்ளி சிரிக்கவில்லை. அவள் மகாராஜனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் படத்தைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் அதைப் பார்க்கவேயில்லை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. போய் விளக்கை அணைத்தாள். மணி நாலு மூன்று.

அதற்கப்புறம் நடந்தது எந்த விழாவிலும் நடக்காது. திரையில் ஒவ்வொரு முகம் வரும்போதும் ஜமுக்காளத்திலிருந்து அந்த முகத்தின் சொந்தக்காரி ‘ஐயய்யோ’ என்று தலையைக் குனிந்தாள். “ஏய், அது என் தூக்குவாளிடி!” “பேசாம இருங்கடி, நான் வர்றேன் இப்ப.” மகாராஜன் ‘உஷ்’ என்றார். யாரும் சட்டை செய்யவில்லை. பதினெட்டாவது நிமிடம் வந்தது. ஜீப் மூடுபனிக்குள் திரும்பியது. பழக்க தோஷத்தில் அவர் எழுந்தார். எழுந்து கதவைப் பார்த்தார். கதவுக்கும் அவருக்கும் நடுவில் நாற்பத்து மூன்று பெண்கள், மடக்கிய கால்கள், தண்ணீர்ப் பாட்டில்கள். “உக்காருங்கண்ணே, மறைக்குது” என்றது இருட்டில் ஒரு குரல். உட்கார்ந்தார். ஒரு படத்தின் பத்தொன்பதாவது நிமிடத்தை அவர் ஆறு வருடத்துக்குப் பிறகு பார்த்தார்.

கதை இதுதான். அந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு ஆசை: ஒரு நாளாவது ஜீப்பில் டிரைவர் பக்கத்து முன் சீட்டில், கால் நீட்டி, மலையைப் பார்த்துக்கொண்டு இறங்கவேண்டும். அதற்காகக் கெஞ்சுகிறாள், சண்டை போடுகிறாள், வழக்கமாக முன் சீட்டில் வரும் கங்காணியின் மனைவிக்கு முருங்கைக்கீரை கொடுக்கிறாள். கடைசியில் கிடைக்கிறது. மலை உச்சியில், போடிமெட்டில் ஏறி, கதவைச் சாத்தி, கால் நீட்டி உட்காருகிறாள். ஜீப் நகர்கிறது. முதல் வளைவில் தலை சாய்கிறது. பதினேழு வளைவும், கீழே விரிந்த சமவெளியும், அவ்வளவு அழகான சாயங்கால வெளிச்சமும் கண்ணாடியில் ஓடிக்கொண்டே இருக்க, அவள் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டே அடிவாரத்து முந்தல்வரைக்கும் வருகிறாள். எட்டு நிமிடம். கன்னையன் எழுப்புகிறார். படம் முடிகிறது.

முதலில் பெரிய சிரிப்பு. அப்புறம் அது கொஞ்சங்கொஞ்சமாக அடங்கியது. இருட்டில் யாரோ, “காலைல நாலு மணிக்கு எந்திரிச்சவ பின்ன என்ன செய்வா” என்றார். வேலுத்தாய் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, “நல்லாத்தான் தூங்குறேன்” என்றார். ராக்கையா கதவைத் தட்டும்போது மணி ஐந்து இருபத்தேழு. தாம்பூலத் தட்டோடு வந்த பெண் வீட்டுக்காரர்கள் ஜமுக்காளம் சுருட்டுகிறவர்களிடம், “என்ன படம்? நாங்க பாக்க முடியுமா?” என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

மகாராஜன் திருந்தினாரா என்று கேட்கிறீர்கள். இந்த இனத்தைப் பற்றி இவ்வளவு சொல்லியும் இப்படிக் கேட்கலாமா? படியிறங்கும்போது அமுதவள்ளியிடம் சொன்னார்:

“பாத்தியா தங்கச்சி, அந்தத் தூக்கத்தைத்தான் நான் மரணம்னு சொன்னேன்.”

“அண்ணே, திருவனந்தபுரத்துல எத்தன நிமிஷம் பாத்தீங்க?”

மகாராஜன் இரண்டு படி இறங்கினார். பிறகு தொழிலுக்குத் துரோகம் செய்யாமல் உண்மையைச் சொன்னார். “சாம்பிள் பாத்தேன். மூட்டை முழுக்கத் தின்னா பாப்பாங்க?”

“சாம்பிள் நல்லா இருந்தா மூட்டைய எடுப்பீங்கல்ல அண்ணே?” என்று கேட்டுவிட்டு, அமுதவள்ளி ஜீப்பை நோக்கி நடந்தாள். அங்கே, முன் சீட்டில் யார் உட்காருவது என்று ஏழு பெண்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மகாராஜனின் பதிவு வந்தது: ‘முன் சீட்டு இனி கூட்டத்தின் படம். அதற்கு என் வாழ்த்துகள்.’ கீழேயே நானூற்றுப் பதின்மூன்றாவது கண்டுபிடிப்பின் அறிவிப்பு. பெயர் வாயில் நுழையாத ஒரு தீவிலிருந்து வந்த படம். அதன் முடிவு தம்மை உலுக்கிவிட்டதாக எழுதியிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நண்பர் தன் குறும்படத்தின் இணைப்பை அனுப்பிய மூன்றாவது நிமிடத்தில் ‘பிரமாதம், கண் கலங்கிட்டேன்’ என்று பதில் போட்டது யார்? புத்தகக் காட்சியில் பின்னட்டையைப் படித்துவிட்டு, எழுதியவரிடமே அந்த நாவலின் அடியாழத்தைப் பற்றிப் பேசியது யார்? இந்தப் பக்கத்தையே இரண்டாவது பத்தியோடு நிறுத்திவிட்டு, ‘அந்த ஆளு அப்படியே நம்ம மாமாதான்’ என்று நாலு பேருக்கு அனுப்பிவைத்தவர்களும் இருப்பார்கள். அவர்கள் இந்த வரிக்கு வந்து சேரப் போவதில்லை என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

‘முன் சீட்டு’ வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தேவாரத்தில், விவசாயிகள் சங்கக் கட்டடத்தில் திரையிடப்படுகிறது. யானை இறங்குகிற ஊர் என்பதால், படம் ஆரம்பித்ததும் கதவை உள்ளே பூட்டிவிடுவார்கள்.